இலங்கைக் கடலும் திமிங்கிலமும்

திமிங்கிலம் என்னும் வடசொல், திமி என்ற பெருமீனையும் விழுங்குவது எனப் பொருள்படும். பெயர் அச்சந் தருவதாயினும், இலங்கைக் கடலில் உலாவும் நீலத் திமிங்கிலம் சிற்றிறால் போன்ற சிற்றுயிர்களையே உண்டு வாழ்வது. அதனால் மாந்தர்க்கு நேர்ந்த தீங்கு சிறிது. மாந்தரால் அதற்கு நேர்ந்த தீங்கோ பெரிது.

1960-களின் நடுப்பகுதியில், சோவியத்து வேட்டைக் கப்பல்கள் இந்து சமுத்திரத்தின் வடபாகத்திற் புகுந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களை மறைவாகக் கொன்றன. அவ்வுண்மை 1990-களிலேயே உலகறிய வெளிப்பட்டது. இதற்கிடையில், 1979-இல், சீசெல்சு நாட்டின் முயற்சியால் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் புகலிடமாகப் பிரகடனஞ் செய்தது. 1982-இல் ‘தூலிப்பு’ என்னும் ஆராய்ச்சிப் பாய்க்கப்பல் இலங்கைக் கடலுக்கு வந்தது. அதிலிருந்த அறிஞர்கள் உயிரைக் கொல்லாமலே, அதன் குரலைக் கேட்டும் நடத்தையை நோக்கியும் ஆராய்ந்தனர். ஆழ்கடற் பள்ளத்தாக்குக் கரையை அணுகிவரும் திருகோணமலையிலே திமிங்கிலங்களைக் கரைக்கு அணித்தாகவே காண முடிந்தது. ஆயின் நாட்டில் மூண்ட போர் அம்முயற்சியைத் தடைசெய்தது.

2009-இல் போர் முடிந்தபின், தென்கரையிலுள்ள மிரிஸ்ஸவில் திமிங்கிலங் காட்டுந் தொழில் விரைந்து வளர்ந்தது. கற்பிட்டியில் ஓங்கில் எனப்படும் டொல்பின் கூட்டங்களைக் காணவும் பலர் செல்வாராயினர். ஈட்டி ஒழிந்தது; துரத்தல் ஒழியவில்லை. திமிங்கிலம் மூச்செடுக்க மேலே வருங்கால் பல படகுகள் ஒருங்கே சூழின், அது இரை தேடுதலை விட்டு அகலும். தாயுங் கன்றும் பிரியவுங் கூடும். இதனை உணர்ந்தே 2012-இல் வகுக்கப்பட்ட அரச விதிகள், படகுகள் 100 மீற்றருக்கு அப்பால் நிற்றல் வேண்டும் என்றன. விதி ஏட்டில் இருந்தாற் போதாது. வேகந் தணித்து, வழிமறியாது, ஒதுங்கி நிற்கும் படகோட்டியே அதற்கு உயிர் கொடுப்பவன். ‘இன்னும் அருகே செல்’ என்று அவனை நெருக்காத பயணிக்கும் அதிற் பங்குண்டு.

படகுகளினும் பெரிய இடர் வணிகக் கப்பல்களே. தேவேந்திரமுனைக்குத் தெற்கே செல்லுங் கப்பற்பாதை, நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் பரப்பை ஊடறுக்கின்றது. கப்பல் மோதி அவை இறத்தலும் உண்டு. 2022-இல் உலகின் பெருங் கப்பல் நிறுவனமொன்று தன் கலங்களைத் தெற்கே விலக்கிச் செலுத்தத் தொடங்கியது. ஏனையோரும் அவ்வழி செல்லின் பல உயிர்கள் காக்கப்படும்.

கொல்லாமை நம் முன்னோர் போற்றிய அறம். காண்பார் தம் வேட்கையை அடக்கி நிற்றலும் அவ்வறத்தின் பாற்பட்டதே. புகலிடமென 1979-இற் கூறிய சொல் மெய்யாவது அவ்வடக்கத்தினாலேயாம்.