சாலையின் நடுவே பாதுகாப்பாகத் திரும்புவது எப்படி? நாச்சாரம் சாலை உணர்த்தும் விதிகள்

ஹைதராபாத்தின் கிழக்கே அமைந்த நாச்சாரத்தில் தொழிற்பேட்டையும் குடியிருப்புகளும் ஒன்றையொன்று ஒட்டியே உள்ளன. ஹப்சிகுடாவில் தேசிய நெடுஞ்சாலை 163-இலிருந்து பிரிந்து மல்லாப்பூர் நோக்கிச் செல்லும் சாலையே இப்பகுதியின் முதன்மைப் பாதை. சரக்கு லாரிகள், நகரப் பேருந்துகள், ஆட்டோக்கள், பள்ளி வேன்கள், இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் செல்லும் வாகனங்கள் என அனைத்தும் இச்சாலையையே நம்பியுள்ளன. இவற்றில் பெரும்பாலானவை ஏதேனும் ஓரிடத்தில் வலப்புறம் திரும்பியாக வேண்டும், அல்லது சென்டர் மீடியன் எனப்படும் மையத் தடுப்பின் இடைவெளியில் யு-டர்ன் எடுத்தாக வேண்டும்.

இடப்புறமாக வாகனம் ஓட்டும் நாட்டில் இடப்பக்கம் திரும்புவது எளிது. வலப்பக்கம் திரும்புபவரோ எதிரே வரும் முழு வாகன ஓட்டத்தையும் குறுக்கே கடக்க வேண்டும். சாலை விதிகளில் திரும்புதல் பற்றிய பகுதி விரிவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவில் இதற்கெனத் தனி ஏற்பாடு உண்டு. பல நகரச் சாலைகளின் நடுவே, வெளிப்புறம் முழுக்கோடும் உட்புறம் விடுபட்ட கோடுமாக மஞ்சள் வண்ணத்தில் குறிக்கப்பட்ட ஒரு தடம் இருக்கும். இரு திசையினரும் அதில் நுழைந்து, நின்று, எதிர் ஓட்டத்தில் இடைவெளி கிடைத்ததும் திரும்பலாம். முந்திச் செல்ல அதைப் பயன்படுத்தக் கூடாது. கலிபோர்னியா மாநிலச் சட்டம் இத்தடத்தில் 200 அடிக்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதையும் தடை செய்கிறது. அங்கு வாழும் தமிழர்கள் ஓட்டுநர் தேர்வுக்குப் படிக்கும்போது தவறாமல் எதிர்கொள்ளும் பாடம் இது.

இந்திய நகரங்களில் இத்தகைய பொதுத் தடம் வழக்கத்தில் இல்லை. இங்கு அதன் இடத்தை நிரப்புவது மையத் தடுப்பின் இடைவெளியும், சில இடங்களில் அதையொட்டி ஒதுக்கப்படும் காத்திருப்புத் தடமும்தான். ஏற்பாடு வேறு என்றாலும் அடிப்படை ஒன்றே. திரும்பும் வாகனம் நேராகச் செல்லும் ஓட்டத்திலிருந்து முன்கூட்டியே விலகி, நடுவில் காத்திருந்து, எதிரே வருபவருக்கு வழிவிட்ட பிறகே கடக்க வேண்டும்.

1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகள் இதைத் தெளிவாகவே கூறின. வலப்புறம் திரும்புபவர் தாம் செல்லும் சாலையின் மையத்தை இயன்றவரை நெருங்கி, நுழையும் சாலையின் இடப்பக்கத்தை அடைய வேண்டும். யு-டர்ன் தடை செய்யப்பட்ட இடத்திலும், வாகன நெரிசல் மிக்க சாலையிலும் அவ்வாறு திரும்பக் கூடாது. அனுமதி உள்ள இடத்தில் வலப்புறம் திரும்புவதற்கான சைகை காட்டி, பின்புறக் கண்ணாடியைப் பார்த்து, பாதுகாப்பாக உள்ளபோது மட்டுமே திரும்பலாம். இவ்விதிமுறைகளுக்குப் பதிலாக 2017-இல் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் அறிவிக்கப்பட்டன.

சந்திப்பு மூடப்படும்போது

ஹைதராபாத்தில் யு-டர்ன் கூடுதல் முக்கியத்துவம் பெறுவதற்கு நகரின் போக்குவரத்து அணுகுமுறையும் ஒரு காரணம். சிக்னலில் வாகனங்கள் தேங்குவதைக் குறைக்கப் பல சந்திப்புகள் தடுப்புகளால் மூடப்பட்டு, சற்றுத் தொலைவில் யு-டர்ன் இடைவெளிகள் திறக்கப்பட்டன. நாச்சாரத்துக்கு அருகிலுள்ள தார்நாக்கா சந்திப்பும் அவ்வாறு சில ஆண்டுகள் மூடப்பட்டிருந்து, 2025-இல் சோதனை முறையில் மீண்டும் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலமும் 1960-களிலிருந்து இதையொத்த முறையைக் கையாண்டு வருகிறது. ஆனால் அங்குள்ள பல சாலைகளில் மையத் தடுப்பு மிக அகலமானது. திரும்பும் வாகனம் நேர் ஓட்டத்துக்கு இடையூறின்றி முழுமையாக உள்ளே நிற்க முடியும். குறுகிய தடுப்புள்ள நகரச் சாலையில் அதே முறையைப் புகுத்தினால் காத்திருக்கும் காரின் பின்பகுதி வேகத் தடத்திலேயே நீட்டிக்கொண்டு நிற்கும். இந்த வேறுபாடு சிறியதன்று.

இம்முறையில் கிளைத் தெருவிலிருந்து வலப்புறம் செல்ல விரும்புபவர் முதலில் இடப்புறம் திரும்பி, எல்லாத் தடங்களையும் கடந்து மையத்தை அடைந்து, பிறகு யு-டர்ன் எடுக்க வேண்டும். தெருவுக்கும் இடைவெளிக்கும் நடுவே போதிய தொலைவு இல்லையெனில் ஒரே மூச்சில் குறுக்காகப் பாய்வதே பலருடைய வழக்கம். பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டிகள் இதில்தான் சிக்குகின்றனர். அருகிலுள்ள இடைவெளியை விட்டுவிட்டு அடுத்ததில் திரும்புவது சில நிமிடங்களை எடுத்துக்கொண்டாலும் அதுவே சரியான வழி.

நின்று, பார்த்து, திரும்புதல்

இண்டிகேட்டரை 30 மீட்டர் முன்பு போட்டால் போதும் என்பது பரவலான கருத்து. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அத்தொலைவைக் கடக்க மூன்று நொடிகூட ஆகாது. ஆகவே அதற்கும் முன்பே சைகை காட்டி, கண்ணாடியிலும் தோளுக்குப் பின்னும் பார்த்து, ஒவ்வொரு தடமாக மையத்தை நோக்கி நகர வேண்டும்.

இடைவெளியில் காத்திருக்கையில் முன்சக்கரங்களை நேராகவே வைத்திருப்பது பலரும் கவனிக்காத ஒரு பாதுகாப்பு. சக்கரங்கள் வலப்புறம் திருப்பப்பட்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு வாகனம் மோதினால் கார் நேராக எதிர்த்தடத்துக்குள் தள்ளப்படும்.

எதிரே வரும் வாகனத்தின் தொலைவைக் கண் பெரும்பாலும் தவறாகவே மதிப்பிடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வருவது நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஒரு கார் யு-டர்னை முடிக்க ஆறு நொடி ஆகும் எனக் கொண்டால், 100 மீட்டர் தொலைவில் தெரியும் வாகனம் அதற்குள் அருகே வந்துவிடும். அதிலும் இரவில் ஒற்றை விளக்குடன் வரும் பைக்கின் வேகத்தைக் கணிப்பது கடினம். எதிரே ஒருவர் விளக்கை மின்ன வைத்தால் அது வழிவிடுகிறார் என்பதற்கும் விலகு என எச்சரிக்கிறார் என்பதற்கும் பொதுவானது. அதை நம்பித் திரும்பக் கூடாது. ஒரு தடத்தில் வரும் பேருந்து நின்று வழிவிட்டாலும், அதன் மறைவில் அடுத்த தடத்தில் பைக் வரக்கூடும்.

உப்பல் முதல் தார்நாக்கா வரை மற்றொரு சிக்கலும் உண்டு. 2017 நவம்பரில் இயங்கத் தொடங்கிய மெட்ரோ ரயிலின் தூண்கள் சாலையின் நடுவே நிற்பதால், திரும்புபவரின் பார்வையைத் தூண் மறைக்கிறது. பார்வை கிடைக்கும் வரை மெதுவாக நகரலாம். ஆனால் காரின் முகப்பு தடுப்பின் விளிம்பைத் தாண்டி எதிர்த்தடத்தில் நுழையக் கூடாது.

நாச்சாரம் தொழிற்பேட்டை லாரிகளுக்கு இவை மட்டும் போதா. மூன்று தடங்கள் கொண்ட ஒரு பக்கச் சாலையின் அகலம் ஏறத்தாழ பத்தரை மீட்டர். சிறிய கார் அதற்குள் ஓரளவு திரும்பிவிடும்; நீண்ட லாரியால் இயலாது. அதனால் லாரி முதலில் சற்று இடப்பக்கம் ஒதுங்கிப் பின் வலப்புறம் வளைகிறது. அப்போது உண்டாகும் வெற்றிடத்தை வழியென்று எண்ணி நுழையும் பைக், லாரியின் பின்சக்கரம் உட்புறமாக வெட்டித் திரும்பும் பாதையில் சிக்குகிறது. திரும்பும் லாரியின் எந்தப் பக்கத்திலும் நுழையாமல் பின்னால் நிற்பதே உயிர் காக்கும்.

எதிர்த்திசை என்னும் குறுக்குவழி

யு-டர்ன் தொலைவில் இருந்தால் எதிர்த்திசையில் சாலையோரமாகவே வந்துவிடுவோர் உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவின் கீழ் ஆபத்தான ஓட்டுதலில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறையோ ரூ.10,000 அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உயிரிழப்பு நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். போக்குவரத்து விதிமீறல் வகைகளில் அதிவேகத்துக்கு அடுத்து அதிக உயிர்களைப் பறித்தது எதிர்த்திசை ஓட்டுதலே. மொத்த உயிரிழப்பில் அதன் பங்கு 5 விழுக்காட்டுக்கு மேல்.

இதில் ஓட்டுநரை மட்டும் குறை கூறுவது முழு நியாயமாகாது. கண் முன்னே தெரியும் கடைக்குச் செல்ல நெடுந்தொலைவு சுற்ற வேண்டியிருந்தால் சிலர் விதியை மீறுவர் என்பது வடிவமைப்பாளர்கள் அறிந்ததே. இடைவெளியை எங்கே திறப்பது, காத்திருப்புத் தடத்தை எவ்வளவு நீளமாக அமைப்பது, முன்னறிவிப்புப் பலகையை எங்கே நடுவது என்பனவும் விபத்தைத் தீர்மானிக்கின்றன.

திரும்ப வேண்டிய இடைவெளியைத் தவறவிட்டவர் பின்னோக்கி வருவதோ, தடுப்பின் உடைந்த பகுதி வழியாக நுழைவதோ கூடாது. இடப்புறம் ஒதுங்கி, அடுத்த இடைவெளி வரை செல்ல வேண்டும். அங்கு சிவப்பு வட்டத்துள் குறுக்குக் கோடிட்ட வளைந்த அம்புக்குறி இருந்தால் யு-டர்ன் தடை எனப் பொருள்; அதற்கும் அடுத்த இடைவெளிக்கே செல்ல வேண்டும்.