உளியின் கூர்மையும் மனத்தின் கூர்மையும்



“வேலையில் கவனம் வை” என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. முதலாளி தொழிலாளிக்குச் சொல்வதும் அதுவே. ஆனால் கவனம் என்பது எங்கிருந்து வருகிறது? மன உறுதி ஒன்று இருந்தால் போதுமா? உடம்பு களைத்தும் உள்ளம் நொந்தும் இருப்பவனிடம் கவனத்தை எதிர்பார்க்க முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களின் வரலாறே விடை சொல்கிறது.

முதலில் பால்மரம் வெட்டும் தொழிலை எண்ணிப் பாருங்கள். 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பூங்காவுக்குத் தலைவராக வந்த ரிட்லி என்பவர், மரத்தைச் சிதைக்காமல் ஒரே வெட்டை மறுபடி மறுபடி மெல்லச் சீவிப் பால் எடுக்கலாம் என்று காட்டினார். அந்த முறையை நாள்தோறும் கைத்திறனாக நடத்திக் காட்டியவர்கள் நம் மூதாதையர். பட்டையைக் காகிதம் போல் மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. சற்றே ஆழமாக இறங்கினாலோ உளி மரத்தின் உயிர்ப்படலத்தைத் தொட்டுவிடும். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அங்கே சீராக வெட்ட முடியாது. தவற்றுக்கும் சரிக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான்.

இப்படி ஒரு மரம், இரண்டு மரம் அல்ல. ஒரு நிரையில் 300 முதல் 500 மரங்கள். அதுவும் விடிவதற்கு முன்பே, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில். காரணம் உண்டு. இரவில் மரத்தினுள் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் வெளியேறி அழுத்தம் குறையும், பாலும் குறையும். ஆகவே சேவல் கூவும் முன் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, கொசுக்கடியையும் பனியையும் பொறுத்துக்கொண்டு நிரைக்குப் போனார்கள். பெண்களோ அதற்கும் முன்பே எழுந்து, சமைத்து வைத்து, தூங்கும் குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார்கள். மாலையில் வீடு திரும்பினால் அடுப்பு காத்திருக்கும். அவர்களுக்கு வேலை இரண்டு, உறக்கமோ பாதி.

இத்தனை நுட்பமான வேலையைச் செய்தவர்களுக்கு மனச்சுமையை இறக்கி வைக்க என்ன வழி இருந்தது? தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. அலுப்பையும் அவமானத்தையும் அங்கே மறக்கலாம் என்று நினைத்தவர் பலர். ஆனால் கள் களைப்பைப் போக்கவில்லை; அதைக் காலை வரை தள்ளிப் போட்டது. மறுநாள் பெரட்டுக்கு அதே களைப்பு, கூடவே தலைவலியும் வெறுங்கையும். வீட்டில் சண்டை, பிள்ளைகளுக்கு அரை வயிறு.

இதைத் தொழிலாளர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தம் சான்று. அவ்வாண்டு கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் முதலியோரின் முயற்சியால் தோட்டத் தொழிலாளர் ஒன்று திரண்டனர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை நாள் ஒழிய வேண்டும். நல்ல மருத்துவ வசதி வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும். துரையையோ கிராணியையோ கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கமும் போக வேண்டும் என்றார்கள்.

சைக்கிள் சிறிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம். நேயர்களே, அது சிறிய விஷயம் அன்று. நாள்தோறும் தலை குனிய வைக்கப்படும் மனிதனின் உள்ளம் ஓயாமல் புழுங்கும். புழுங்கும் உள்ளத்தோடு உளியைப் பிடித்தால் கை நிலைக்காது. இன்று மன உளைச்சல் என்று நாம் சொல்வதன் காரணங்களை, நீண்ட நேரம், நோய், பயம், அவமதிப்பு, குடும்பக் கவலை என்று அவர்கள் அன்றே வரிசைப்படுத்திவிட்டார்கள்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். போராட்டம் பரவியது, சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

உலகில் வேறிடங்களிலும் இதே பாடம் கற்கப்பட்டது. 1918 ஏப்ரலில் சென்னையில் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, மதிய உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது பின்னி ஆலைத் தொழிலாளரின் முதற்குறைகளில் ஒன்று. முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் ஞாயிறன்றும் வேலை வாங்கினார்கள். 1915இல் அமைக்கப்பட்ட ஒரு குழு அதை ஆராய்ந்தது. மிக நீண்ட நேரத்தைக் குறைத்தபோது உற்பத்தி அதற்கேற்பக் குறையவில்லை என்றும், சில வேலைகளில் கூடவே செய்தது என்றும் கண்டது. களைத்த கை மெதுவாக நகரும், பொருளைக் கெடுக்கும், விபத்தைத் தேடிக்கொள்ளும். 1919இல் உலகத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையிலேயே தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது.

நம் நாட்டில் 1954ஆம் ஆண்டில் பல தோட்டச் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதன் பொதுச்செயலாளராக நெடுங்காலம் பணியாற்றியவர் பி. பி. நாராயணன். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வேலை நேரத்துக்கு வரம்பும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் வகுத்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் 30 நிமிடமாவது ஓய்வு தர வேண்டும் என்பது அதன் பொது விதி. 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஓய்வு என்பது யாரோ இரக்கப்பட்டுத் தந்த தானம் அன்று. நம் முன்னோர் கேட்டுப் பெற்ற உரிமை.

இன்று பால்மரக் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கிள்ளான் துறைமுகத்திலும் ஷா ஆலாம் தொழிற்சாலைகளிலும் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் வேலை செய்கிறார்கள். உளியின் இடத்தில் இயந்திரம் வந்திருக்கிறது. களைப்பும் கவலையும் பழையவையே.

ஆகவே வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வெறும் வயிற்றோடு யாரையும் வேலைக்கு அனுப்பாதிருப்போம். இரவு வேலை முடிந்து வருபவர் பகலில் உறங்கட்டும். அந்த நேரத்தில் வானொலியின் ஒலியைக் குறைப்பதும் ஒரு உதவிதான். வேலைக்குப் போகும் பெண்ணின் அடுப்படிச் சுமையில் கணவரும் பிள்ளைகளும் பங்கு கொள்ளட்டும். மனக்குறையைப் போத்தலிடம் சொல்வதை விட, வீட்டாரிடமும் நண்பரிடமும், வேண்டுமானால் மருத்துவரிடமும் சொல்வது மேல். வேலையிடத்துக் குறையாக இருந்தால் சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ சொல்லலாம்.

பழைய பால்வெட்டுத் தொழிலாளி உளியை அவ்வப்போது சாணையில் தீட்டிக்கொண்டார். மழுங்கிய உளியால் மரத்துக்கும் கேடு, கைக்கும் கேடு என்பது அவருக்குத் தெரியும். தீட்டுவதற்குச் செலவான நேரத்தை அவர் சோம்பல் என்று எண்ணியதில்லை. உழைப்பவர் எடுத்துக்கொள்ளும் ஓய்வையும் நாம் அப்படியே எண்ண வேண்டும்.