தூண் இல்லாத கராஜும் காலி வீதி பஸ்களும்

மலர்க்குழுச் செயலாளர் கட்டுரை கேட்டுத் தொலைபேசி எடுத்தபோது, "அண்ணை, உங்கட லண்டன் வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கோ" என்றார். என் வாழ்க்கையில் எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் 1984இல் இங்கு வந்து நான் முதற் சம்பளம் வாங்கிய இடத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது தென் லண்டனில் உள்ள ஸ்ரொக்வெல் பஸ் கராஜ். இரவு முழுக்க பஸ்களைக் கூட்டித் துடைப்பது என் வேலை. ஊருக்குப் போட்ட கடிதங்களில் "லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் உத்தியோகம்" என்று மட்டும் எழுதினேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

முதல் இரவு உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தேன். எங்கும் ஒரு தூண்கூட இல்லை. நம் கல்லூரி மண்டபத்தில் பிரார்த்தனை நேரம் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பழகியவன் நான். இவ்வளவு பெரிய கூரை எதில் நிற்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

விஷயம் இதுதான். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து பாழான காணி அது. லண்டனில் ட்ராம் வண்டிகளை நிறுத்திவிட்டு அவற்றின் பாதைகளில் பஸ் விடத் தீர்மானித்தபோது, புதிய பஸ்களை நிறுத்தி வைக்க இடம் தேவைப்பட்டது. போர் முடிந்த காலம், உருக்குக்குப் பெரிய தட்டுப்பாடு. ஆகவே கூரையை இரும்புக் கம்பி வைத்த கொங்கிறீட்டிலேயே கட்டிவிட்டார்கள். 194 அடி அகலத்துக்கு 10 வளைவு விட்டங்கள். அவற்றுக்கிடையே பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்ததுபோல் கூரை. மேலே வெளிச்சத்துக்குக் கண்ணாடி. கீழே 73,350 சதுர அடி வெறும் தளம், 200 பஸ்கள் நிற்கலாம். ஏடி, பட்டன் என்ற கட்டடக்கலை நிறுவனத்தார் வரைந்தார்கள், ஏ.ஈ. பியர் என்பவர் பொறியியலாளர். திறக்கப்பட்டது 1952 ஏப்ரலில். அதே ஆண்டு ஜூலையில் லண்டனின் கடைசி ட்ராம் ஓடி முடிந்தது. கட்டிய நேரத்தில் ஐரோப்பாவிலேயே தூணில்லாத மிக அகன்ற கூரை இதுதான் என்பார்கள். பற்றாக்குறையில் பிறந்த இந்தக் கட்டடத்தை 1988இல் அரசாங்கம் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது. இன்றும் அங்கே பஸ்கள்தான் நிற்கின்றன.

அந்தக் காலத்து லண்டன் பஸ்களுக்கு 'ஆர்.ரி.' என்று பெயர். சாரதிக்கு முன்னால் தனி அறை, பின்னால் திறந்த புட்போட், மேலும் கீழுமாக 56 இருக்கைகள். 1939 தொடக்கம் 1954 வரை, அதே குடும்பத்து லேலண்ட் வண்டிகளையும் சேர்த்து, ஏறக்குறைய 7,000 செய்தார்கள். பெரிய திருத்த வேலைக்கு இவை ஓல்டன்ஹாம் என்ற இடத்துக்குப் போகும். அங்கே உடலை வேறாகவும் அடிச்சட்டத்தை வேறாகவும் கழற்றிப் பழுது பார்ப்பார்கள். எல்லாம் ஒரே அளவு என்பதால் திரும்ப மாட்டும்போது வேறொரு பஸ்ஸின் உடல் வந்து உட்கார்ந்துவிடும். போன பஸ் வேறு, வந்த பஸ் வேறு, இலக்கம் மட்டும் பழையது!

என்னோடு வேலை செய்தவர்களில் பார்படோஸ் தீவுக்காரர் ஒருவர் இருந்தார். 1956 தொடக்கம் லண்டன் போக்குவரத்து நிறுவனம் அந்தத் தீவுக்கே ஆளனுப்பி வேலைக்கு ஆள் எடுத்தது. அப்படி வந்தவர் அவர். நான் இலங்கை என்றதும் சிரித்தார். "எங்கட பழைய பஸ்களை உங்கட நாட்டுக்குத்தானே அனுப்பினோம்!" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளவத்தையிலிருந்து கல்லூரிக்கு புட்போட்டில் தொங்கிக்கொண்டு போனோமே, காலி வீதி இரட்டைத்தட்டு பஸ், அது இந்த ஊர் வண்டி!

1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகளை அரசு பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையை, நம் வாயில் சி.ரி.பி.யை, தொடக்கியது. சபைக்கு பஸ்கள் அவசரமாகத் தேவை. லண்டனிலோ அதே ஆண்டு 7 வார பஸ் வேலைநிறுத்தம் நடந்து, பின் சேவைகள் குறைக்கப்பட்டு, வண்டிகள் மிஞ்சி நின்றன. இரு நாட்டிலும் வீதியின் இடது பக்கமாகவே ஓடுவதால் வாசலையோ சுக்கானையோ மாற்ற வேண்டியதில்லை. அப்படியே கப்பலில் ஏற்றினால் போதும். நூற்றுக்கணக்கில் வந்தன.

சி.ரி.பி. பிறந்த அந்த ஜனவரியை வேறொரு காரணத்துக்காகவும் மறக்க முடியாது. வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்ததும் அப்போதுதான். அந்தத் தகட்டோடு அரசாங்க பஸ்கள் யாழ்ப்பாணம் வந்தபோது 'ஸ்ரீ'க்குத் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம். லண்டனிலிருந்து வந்த பஸ்களும் 'ஸ்ரீ' தகட்டோடுதான் ஓடின. நாங்கள் சில்லறையை எண்ணிக் கொடுத்து ஏறிய வண்டிக்குள் இவ்வளவும் இருந்தது.

நான் இரவில் துடைத்தவை ஆர்.ரி.க்குப் பின் பிறந்த ரூட்மாஸ்ரர் வண்டிகள். 2,876 செய்யப்பட்டன. 2005 டிசம்பர் 9ஆம் திகதி 159ஆம் இலக்கப் பாதையில் அவற்றின் வழமையான சேவை முடிந்த அன்று, பிரிக்ஸ்ரனில் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். பெரிய மனுஷர்கள் கண் கலங்கினார்கள். இந்த நாட்டில் பழைய பஸ்ஸுக்கு மரியாதை உண்டு. அக்டனிலும் புரூக்லண்ட்ஸிலும் அவற்றைத் துடைத்து, ஓட்டி, ஒவ்வொரு வண்டியின் வரலாற்றையும் இலக்க வாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இலங்கைக்கு வந்த வண்டிகளின் மிச்சக் கதையை யார் எழுதுவது? லண்டன் கழித்துவிட்ட பஸ்ஸை ஒட்டுப்போட்டு வருஷக்கணக்காக ஓட்டியவர்கள் சி.ரி.பி. டிப்போக்களின் மெக்கானிக்குகளும் சாரதிகளும். அவர்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருந்தார்கள். "அப்பா டிப்போவில வேலை" என்று மெதுவாகச் சொன்னவர்களை எனக்கு நினைவிருக்கிறது. நானும் பிறகு அப்படித்தான் மெதுவாகச் சொன்னேன்.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய சி.ரி.பி.காரர் இருந்தால் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதுங்கள். எந்த டிப்போ, எந்தப் பாதை, பாகம் கிடைக்காதபோது எதை வைத்துச் சமாளித்தார்கள் என்று கேளுங்கள். பழைய மாணவர்களே, இரட்டைத்தட்டு பஸ்ஸோடு எடுத்த படம் இருந்தால் ஒரு பிரதியை மலர்க்குழுவுக்கு அனுப்புங்கள். அடுத்த மலரில் அவற்றைப் பார்க்க ஆசை.

லண்டன் வரும் நண்பர்கள் ஸ்ரொக்வெலுக்கு வாருங்கள், அந்தக் கூரையைக் காட்டுகிறேன். எந்தப் பக்கம் நின்று துடைத்தேன் என்பதையும் சேர்த்து. ஒன்றுகூடல் இனிதே நடக்க என் வாழ்த்துகள்.