இரண்டு அங்குலம்

1850களில் ஓர் இரவு. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரிலிருந்து வெஸ்ட்ஃபீல்டுக்குக் கிளம்பிய ரயிலில் ஜார்ஜ் புல்மேன் என்ற இளைஞர் ஏறினார். படுத்துக்கொண்டே போகலாம் என்று சொல்லிக் கூடுதல் காசு வாங்கியிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், மளிகைக் கடை அலமாரி மாதிரி சுவரோரம் அடுக்கடுக்காக மரப்பலகை. மேலே ஒரு முரட்டு மெத்தை, ஒரு கம்பளி. மெழுகுவத்திப் புகை ஒரு பக்கம், இரும்படுப்பின் புழுக்கம் ஒரு பக்கம். போட்டிருந்த உடுப்போடு படுத்தவர், வண்டி குலுங்கிய குலுக்கலில் விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தாராம். அவருடைய கம்பெனி பிற்காலத்தில் ஆசையோடு சொல்லிவந்த கதை இது. அன்று தொலைந்த தூக்கம் உலகத்து ரயில்களையெல்லாம் மாற்றப்போகிறது என்று அந்தப் பெட்டியில் யாருக்கும் தெரியாது.

ஓடும் வண்டியில் படுக்கை போடுவது அப்போதே பழைய யோசனைதான். பென்சில்வேனியாவில் கம்பர்லாண்ட் வேலி ரயில்வே 1830களின் கடைசியிலேயே ஹாரிஸ்பர்க்குக்கும் சேம்பர்ஸ்பர்க்குக்கும் இடையே பலகைப் படுக்கை வைத்த பெட்டியை ஓட்டியது. இருபது ஆண்டு கழிந்தும் அது பெரிதாக முன்னே நகரவில்லை. படுக்கை போட்டால் பகலில் உட்கார இடமில்லை; இருக்கை போட்டால் இரவில் படுக்க இடமில்லை. நாளில் பாதி நேரம் உதவாத பெட்டியை இழுத்துக்கொண்டு திரிய எந்தக் கம்பெனிக்கு மனசு வரும்? அந்த முடிச்சை அவிழ்க்க வந்தவருக்கு ரயில் தொழிலில் அனுபவமே கிடையாது.

புல்மேன் குடும்பத்தின் தொழில் வீடு நகர்த்துவது. அப்பா தச்சர். ஈரி கால்வாயை அகலப்படுத்தியபோது கரையோரக் கட்டடங்களை இடிக்காமல் அப்படியே தூக்கிப் பின்னுக்குத் தள்ளிவைக்கும் வேலை வந்தது. 1853-இல் அப்பா இறந்தபின் மகன் அந்த வேலையை எடுத்துச் செய்தார். கால்வாய் வேலை முடிந்ததும் சிகாகோவுக்குப் போனார். அந்த ஊர் சதுப்பில் எழும்பிய ஊர். சாக்கடை ஓட வழியில்லை, காலரா விட்டபாடில்லை. தெருக்களையே மண் கொட்டி உயர்த்துவது என்று நகராட்சி முடிவெடுக்க, கட்டடங்கள் பள்ளத்தில் நின்றன. அவற்றின் அடியில் வரிசையாக ஸ்க்ரூ ஜாக்கிகளை நட்டு, ஆட்கள் ஒரே நேரத்தில் திருகத் திருக, செங்கல் கட்டடம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். உள்ளே வியாபாரம் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். கனத்தை அலுங்காமல் ஏற்றி இறக்கும் இந்தக் கைப்பழக்கம்தான் அடுத்த வேலைக்கு உதவியது.

1859-இல், பெஞ்சமின் ஃபீல்டு என்ற கூட்டாளியோடு சேர்ந்து, சிகாகோ அண்ட் ஆல்டன் ரயில்வேயிடம் இரண்டு பழைய பயணிகள் பெட்டிகளைக் கேட்டு வாங்கினார் புல்மேன். இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டன் பணிமனையில் வேலை தொடங்கியது. வரைபடம் எதுவும் போடவில்லை. செய்யச் செய்ய அளவெடுத்தார்கள். பெட்டியின் உள்ளுயரம் ஆறடிக்குச் சற்று மேல். மேல் படுக்கையின் நான்கு மூலையிலும் கயிறு கட்டிக் கப்பியில் கோத்தார்கள். பகலில் கயிற்றை இழுத்தால் படுக்கை கூரையை ஒட்டிப் போய்விடும். கீழே எதிரெதிர் இருக்கைகள் மிஞ்சும். இரவில் அந்த இருக்கைகளே கீழ்ப் படுக்கை ஆகும். இருபது ஆண்டு முடிச்சு, கயிற்றிலும் கப்பியிலும் அவிழ்ந்தது. ஆனால் மனிதர்கள் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

1859 செப்டம்பர் 1-ஆம் தேதி இரவு புளூமிங்டனிலிருந்து சிகாகோவுக்கு முதல் ஓட்டம். பயணிகள் சிலரே. பொறுப்பில் இருந்தவர் பார்ன்ஸ் என்ற இளம் கண்டக்டர். பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தபோது, படுக்கையில் ஏறுமுன் பூட்ஸைக் கழற்றச் சொல்லி அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது என்றார். மெத்தையும் கம்பளியும் இருந்தன, விரிப்பு இல்லை. கழற்ற மறுத்ததற்கு அவர்கள் மேல் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. முன்பின் தெரியாதவர்கள் நடுவே, இருட்டில் ஓடும் வண்டியில், காலணியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடுவதற்குத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் ஊருக்குப் பரவ நாளாகும் என்று தெரிந்தபோது, புல்மேன் யாரும் எதிர்பாராத காரியம் செய்தார்.

ரயிலை விட்டுவிட்டுக் கொலராடோவுக்குப் போனார். அங்கே தங்கம் கிடைத்திருந்தது. கூட்டம் கூட்டமாக மண்ணைத் தோண்டப் போனவர்கள் மத்தியில், தோண்டுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை போட்டார். தாது உடைக்கும் ஆலையும் நடத்தினார். 1863-இல் சிகாகோ திரும்பியபோது கையில் பணம் இருந்தது, தலையில் ஒரு புது யோசனையும் இருந்தது. கயிறும் கப்பியும் வேண்டாம். மேல் படுக்கையின் ஒரு விளிம்பைச் சுவரில் கீல் வைத்துப் பூட்டிவிடலாம். பகலில் மடக்கி மேலே தள்ளினால் கூரையின் சரிவோடு ஒட்டிக்கொள்ளும். மெத்தையும் தலையணையும் அதற்குள்ளேயே அடங்கும். 1864-இல் காப்புரிமையும் கிடைத்தது. அதை வைத்து அவர் கட்டிய பெட்டியைப் பார்த்தவர்களுக்கு அவர் புத்தியின் மேலேயே சந்தேகம் வந்தது.

‘பயனியர்’ என்று பெயரிட்ட அந்தப் பெட்டிக்கு 20,000 டாலருக்கு மேல் செலவானது. சாதாரணப் பெட்டியைப் போல நான்கைந்து மடங்கு. அதைவிடப் பெரிய வம்பு ஒன்று இருந்தது. கீல் படுக்கைக்கு இடம் வேண்டுமென்று மற்றப் பெட்டிகளைவிட ஓரடி அகலமாகவும் இரண்டரை அடி உயரமாகவும் கட்டியிருந்தார். பிளாட்பாரங்கள் இடித்தன, பாலங்கள் தலையில் தட்டின. அவ்வளவு பணத்தையும் விழுங்கிய பெட்டி, ஓட வழியில்லாமல் நின்றது.

1865 ஏப்ரலில் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடலைச் சுமந்த ரயில் சிகாகோ வழியாகச் சொந்த ஊரான ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனது. கடைசிக் கட்டத்தில் பயனியரையும் சேர்த்தார்கள், அதற்காகவே வழியெங்கும் பிளாட்பாரங்களை வெட்டிக் குறைத்தார்கள் என்று கம்பெனி பல காலம் சொல்லிவந்தது. வரலாற்று ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை. அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்கும் படுகிறது. துக்க ரயிலை விளம்பரமாக்கியதுபோல அது இருக்கிறது. புல்மேனைத் தூக்கிவிட்டது, கம்பெனி வரலாறே சொல்லும் இன்னொரு பந்தயம். மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் பழைய படுக்கைப் பெட்டியையும் புதியதையும் ஒரே வண்டியில் கோத்தார்கள். பழையதற்கு ஒன்றரை டாலர், புதியதற்கு இரண்டு. மலிவான பெட்டிக்குத்தான் கூட்டம் போகும் என்று ரயில்வேக்காரர்கள் நினைத்திருக்க, புதியதில் இடம் கிடைக்காதவர்கள் மட்டுமே வேண்டாவெறுப்பாகப் பழையதில் ஏறினார்கள். 1867-இல் புல்மேன் கம்பெனி பிறந்தது. மெத்தை, திரைச்சீலை, வெள்ளை விரிப்பு எல்லாம் வந்தன. அவற்றை விரிக்கப் போகும் கைகள் யாருடையவை?

அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பினத்தவரைப் பெருமளவில் வேலைக்கு எடுத்தார் புல்மேன். படுக்கை விரிப்பதும், நடு இரவில் மணியடித்தால் ஓடுவதும், பயணி தூங்கும்போது அவர் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவதும் அவர்கள் பாடு. முதலில் கழற்றவே மறுத்த அதே பூட்ஸ். அவரவர் பெயர் இருக்க, எல்லோரையும் முதலாளியின் பெயரால் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். சம்பளம் சொற்பம், தூங்க நேரம் அதைவிடச் சொற்பம். 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, 12 ஆண்டு போராடி, 1937-இல் கம்பெனியைக் கையெழுத்துப் போடவைத்தார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்துக்கு ரயில் படுக்கையிலிருந்து ஒரு கிளை போகிறது.

அதற்குள் இந்த யோசனை கடல் தாண்டியிருந்தது. அமெரிக்காவில் புல்மேன் பெட்டியைப் பார்த்துத் திரும்பிய பெல்ஜியத்து ஜார்ஜ் நாகல்மாக்கர்ஸ், 1883-இல் ஓரியண்ட் எக்ஸ்பிரஸையே ஓடவிட்டார். இந்தியாவிலும் மேல்வகுப்பு வண்டிகளில் ஹோல்டாலைப் பிரித்து விரித்துத் துரைமார்கள் சுகமாகத் தூங்கினார்கள். கூட்டம் முழுக்க இருந்த மூன்றாம் வகுப்புக்கு மட்டும் அந்தச் சுகம் எட்டவில்லை. அங்கே என்ன நடந்தது என்பதை ஒரு பயணி கணக்கோடு எழுதிவைத்தார்.

1917 செப்டம்பர் 12 அன்று பம்பாயில் மெட்ராஸ் மெயிலில் ஏறிய மோகன்தாஸ் காந்தி, டிக்கெட்டுக்கு 13 ரூபாய் 9 அணா கொடுத்தார். பெட்டியில் 22 பேர் என்று எழுதியிருந்தது; அதுவும் உட்கார மட்டும். மெட்ராஸ் வர இரண்டு இரவு. ராய்ச்சூருக்குப் பிறகு நெரிசல் தாங்கவில்லை. 35 பேருக்குக் குறையவில்லை. சிலர் அழுக்குத் தரையில் படுத்தார்கள், சிலர் நின்றுகொண்டே வந்தார்கள். வழியில் ஒருமுறைகூடப் பெட்டியைக் கூட்டவில்லை. முதல் வகுப்புக் கட்டணம் ஐந்து மடங்குக்கு மேல் என்றால், மூன்றாம் வகுப்புப் பயணிக்கு அந்த வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது கிடைக்கிறதா என்று பத்திரிகைகளுக்கு எழுதிக் கேட்டார். பதில் வர அறுபது ஆண்டாயிற்று.

நாடு விடுதலை அடைந்தது. 1955 அக்டோபர் 2 அன்று சென்னை பெரம்பூரில் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். சுவிஸ் தொழில்நுட்பத்தில் எஃகுப் பெட்டிகள் வரத் தொடங்கின. மூன்றாம் வகுப்பிலும் மூன்றடுக்கு பெர்த் வந்தது. பகலில் முதுகு சாயும் பலகையை இரவில் தூக்கிச் சங்கிலியில் மாட்டினால் மிடில் பெர்த். ஒரே பொருளைப் பகலுக்கும் இரவுக்கும் ஆக்கும் அதே புளூமிங்டன் யோசனைதான். ஆனால் படுப்பது வெறும் மரத்தில். இடுப்பெலும்பு பலகையில் இடிக்கும். திரும்பிப் படுத்தால் தோள் இடிக்கும். இடுக்கில் மூட்டைப்பூச்சி வேறு. வீட்டிலிருந்து ஜமுக்காளம் சுருட்டி வந்தவர்கள் பாக்கியசாலிகள். 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்துவிட்டு இரண்டாம் வகுப்பு என்றார்கள். பலகை மாறவில்லை. மாற்றப் போகிறவர் அடுத்த ஆண்டே சிறைக்குப் போனார்.

மது தண்டவதே, பம்பாய் சித்தார்த்தா கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர், சோஷலிஸ்ட், நாடாளுமன்ற உறுப்பினர். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது பெங்களூரில் கைதாகி அங்கேயே சிறையில் இருந்தார். மனைவி பிரமிளா எரவாடா சிறையில். 1977 தேர்தலில் காற்று திரும்பியது. ஜனதா அரசு வந்தது. தண்டவதே ரயில்வே அமைச்சரானார். 1974 வேலைநிறுத்தத்தில் வேலையிழந்த ரயில்வே தொழிலாளர்களைத் திரும்ப எடுத்தது அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று. பிறகு அவர் பார்வை பலகையின் மேல் விழுந்தது.

முதல் வகுப்பைக் கீழே இறக்குவது தன் நோக்கமில்லை, இரண்டாம் வகுப்பை மேலே ஏற்றுவதுதான் என்றார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது புது எஞ்சினும் இல்லை, புதுப் பாதையும் இல்லை. இரண்டு அங்குல கனத்தில் ஃபோம். மரத்தின் மேல் அதைப் பொருத்தி உறை போட வேண்டும், அவ்வளவுதான்.

1977 டிசம்பர் 26 அன்று ஹவுராவுக்கும் பம்பாய்க்கும் இடையே கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. தாகூரின் நூற்பெயர் தாங்கிய அந்த வண்டியில் அன்று முதல் வகுப்பே கிடையாது. எல்லோருக்கும் ஒரே வகுப்பு, எல்லா பெர்த்திலும் ஃபோம். கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டரை இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் மெத்தையில் படுத்துக் கடந்தார்கள். இந்திய ரயில்வே வரலாற்றில் இவ்வளவு சின்ன மாற்றம் இத்தனை கோடிப் பேரின் இரவைத் தொட்டதில்லை என்றே நான் நினைக்கிறேன்.

1979-இல் ஜனதா அரசு கவிழ்ந்தது. தண்டவதேயின் பதவியும் போனது. ஃபோம் போகவில்லை. ஒவ்வொரு நெடுந்தூர வண்டியாகப் பரவி, ஸ்லீப்பர் பெட்டி என்றாலே ரெக்ஸின் உறை போட்ட மெத்தை பெர்த் என்று ஆகிவிட்டது. காந்தி வந்த அதே ராய்ச்சூர் வழியில், மும்பைக்கும் சென்னைக்கும் இடையே இன்றும் இரவெல்லாம் வண்டிகள் ஓடுகின்றன. ஸ்லீப்பர் பெட்டியில் கைப்பையைத் தலைக்கு வைத்து, செருப்பைப் பெர்த்துக்கு அடியில் தள்ளிவிட்டு எல்லோரும் தூங்குகிறார்கள். அதே வண்டியில் கோத்திருக்கும் முன்பதிவில்லாப் பெட்டிகளில் பெர்த் கிடையாது. சாமான் பலகையில் ஏறிச் சிலர், தரையில் துண்டு விரித்துச் சிலர், கதவோரம் நின்றபடி சிலர் என்று அங்கே இரவு 1917-இல் காந்தி எழுதிய மாதிரியேதான் கழிகிறது.