கொள்ளையை முதலில் பார்த்தவர்கள்

ஹேக்கர் படங்களுக்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது. இருட்டறை, ஐந்தாறு திரைகள், கருப்புக் கண்ணாடி போட்ட வில்லன். கதாநாயகன் பியானோ வாசிக்கிற மாதிரி கீபோர்டைத் தட்டுவான். ஒரு நிமிடத்துக்குள் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு வங்கி திறந்துகொள்ளும். 2001இல் வந்த ‘ஸ்வார்ட்ஃபிஷ்’ படத்தில் ஜான் டிரவோல்டாவும் ஹியூ ஜாக்மனும் இப்படித்தான் 950 கோடி டாலருக்குக் குறி வைத்தார்கள். தமிழில் 2018 மே மாதம் பி.எஸ். மித்ரன் இயக்கத்தில் ‘இரும்புத்திரை’ வந்தது. விஷாலும் அர்ஜுனும் மோதிக்கொண்டார்கள். இரண்டையுமே நான் ரசித்துத்தான் பார்த்தேன். இன்றைக்கும் டிவியில் போட்டால் சேனலை மாற்ற மாட்டேன்.

ஆனால் ‘இரும்புத்திரை’ வருவதற்கு மூன்று மாதம் முன்பு தமிழ்நாட்டிலேயே நிஜமான ஒன்று நடந்துவிட்டிருந்தது. அதில் துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. ஒரு பிரிண்டர் இருந்தது. அந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியாது.

சிட்டி யூனியன் வங்கி கும்பகோணத்துக்காரர்களின் வங்கி. 1904இல் ‘கும்பகோணம் வங்கி’ என்ற பெயரில் தொடங்கியது. 2018 பிப்ரவரி 6ஆம் தேதி அந்த வங்கியின் கணினியிலிருந்து மூன்று பணப் பரிமாற்ற உத்தரவுகள் வெளிநாட்டுக்குப் போயின. முதலாவது 5 லட்சம் டாலர், நியூயார்க் வழியாகத் துபாய்க்கு. இரண்டாவது 3 லட்சம் யூரோ, ஃபிராங்க்ஃபர்ட் வழியாகத் துருக்கிக்கு. மூன்றாவது 10 லட்சம் டாலர், நியூயார்க் வழியாகச் சீனாவுக்கு. மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். மூன்றையும் வங்கியில் யாரும் அனுப்பவில்லை.

இதைப் புரிந்துகொள்ள ‘ஸ்விஃப்ட்’ என்றால் என்னவென்று தெரிய வேண்டும். அதில் பணம் ஓடுவதில்லை, செய்திதான் ஓடுகிறது. ‘உங்களிடம் இருக்கும் எங்கள் கணக்கிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு கொடுங்கள்’ என்று ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு எழுதும் கடுதாசி. கடுதாசி சரியான இடத்திலிருந்து வந்தால் எதிர்ப்பக்கம் கேள்வி கேட்காது. அதனால் திருடன் பெட்டகத்தை உடைக்க வேண்டியதே இல்லை. கடுதாசி எழுதுகிறவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தால் போதும்.

ஒவ்வொரு கடுதாசிக்கும் ‘கிடைத்தது’ என்று பதில் வரும். அந்தப் பதில் வங்கியில் ஒரு பிரிண்டரில் தாளாக வந்து விழும். அன்றைக்கு அந்த பிரிண்டர் வேலை செய்யவில்லை. ஹேக்கர்கள் அதை முடக்கி வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் வழக்கம்போல் முந்தைய நாள் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோது டேலி ஆகவில்லை. அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. துபாய்க்குப் போன தொகை உடனே தடுக்கப்பட்டது. துருக்கியில் பணம் முடக்கப்பட்டது. மூன்றாவது தொகை சீனாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

கொள்ளையைக் கண்டுபிடித்தது காலையில் உட்கார்ந்து கணக்கு நேர் பார்க்கிற வேலை. எந்தப் படத்திலும் இதற்கு ஒரு காட்சி கிடையாது. வைத்தால் தியேட்டரில் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இதே பிரிண்டர் கதை இரண்டு வருடம் முன்பே டாக்காவில் நடந்திருந்தது. 2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. வங்கதேச மத்திய வங்கியின் பெயரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வுக்கு 35 உத்தரவுகள் போயின. மொத்தத் தொகை 95 கோடி டாலருக்கு மேல். மறுநாள் வெள்ளிக்கிழமை, வங்கதேசத்தில் வார விடுமுறை. டாக்கா விழித்துக்கொண்டபோது நியூயார்க்கில் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு, மணிலாவில் விடுமுறை. மூன்று நாட்டுக் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் குறித்திருக்கிறார்கள். உள்ளே வந்த வழியோ மிகச் சாதாரணமானது. ஒரு வருடம் முன்பு, வேலை கேட்டு வந்த மின்னஞ்சல் ஒன்று. அதை யாரோ திறந்திருக்கிறார்கள். மணிலாவில் பணம் வாங்குவதற்கான கணக்குகளைத் தலைக்கு 500 டாலர் போட்டு 2015 மே மாதமே தொடங்கி வைத்திருந்தார்கள். அந்த 500 டாலர் அசையாமல் கிடந்தது.

95 கோடியும் போகாமல் தடுத்தவை எவை தெரியுமா? ஒன்று, ‘ஜூபிடர்’ என்ற சொல். மணிலாவில் பணம் போக வேண்டிய வங்கிக் கிளை ஜூபிடர் தெருவில் இருந்தது. அதே பெயரில் ஒரு கப்பல் ஈரான் மீதான தடைப் பட்டியலில் இருந்ததால் உத்தரவுகள் தேங்கி நின்றன. இன்னொன்று எழுத்துப் பிழை. இலங்கையில் ஓர் அமைப்புக்கு 2 கோடி டாலர் அனுப்பும்போது ‘ஃபவுண்டேஷன்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஃபாண்டேஷன்’ என்று எழுதிவிட்டார்கள். வழியில் இருந்த டாய்ச் வங்கியில் அது கண்ணில் பட்டது. ‘இது என்ன?’ என்று கேட்டார்கள். அந்த 2 கோடி திரும்பி வந்தது. மிச்சம் 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய், பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. செவ்வாய்க்கிழமை வங்கி திறந்தபோது ‘நிறுத்துங்கள்’ என்ற செய்தி அங்கே வந்து காத்திருந்தது. அன்றைக்கும் பணம் எடுக்கப்பட்டது. வங்கதேச மத்திய வங்கியின் ஆளுநர் பதவி விலகினார். 2018 செப்டம்பரில் அமெரிக்கா ஒரு வட கொரிய புரோகிராமர் மீது குற்றம் சாட்டியது. வட கொரியா மறுத்தது.

அப்படியானால் இரண்டு வருடம் கழித்துக் கும்பகோணத்தில் அதே பிரிண்டர் எப்படி நின்றது? இந்தக் கேள்வியோடு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் எனக்குச் சொந்த ஊர் தருமபுரி மாவட்டம். கொள்ளையைப் பற்றிய மிகப் பழைய பதிவுகள் எங்கள் பக்கத்தில்தான் நிறைய இருக்கின்றன. கல்லில்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம் ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் நடுகற்கள் நிற்கும். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிறைய எடுத்து வந்து வைத்திருக்கிறார்கள். வில்லும் வாளும் பிடித்த ஓர் ஆள், உடம்பில் தைத்த அம்பு, மூலையில் சின்னதாக இரண்டு மாடு. மேலே வட்டெழுத்தில் சில வரிகள். இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டு, இன்னார் இந்த ஊர்த் தொறுவைக் கவர்ந்தபோது, அதை மீட்டு இன்னார் மகன் இன்னார் செத்தான், அவன் கல். ‘தொறு’ என்றால் மாட்டு மந்தை. பழந்தமிழில் ‘மாடு’ என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள். மந்தையைக் கவர்ந்தால் அன்றைக்கு அது வங்கிக் கொள்ளை. கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று நம் இலக்கணக்காரர்கள் பூப் பெயர் வைத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு நாய். செங்கம் பக்கம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் இருக்கிறது. எருமைகளுக்காகச் சண்டையிட்டுச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனின் கல். அவன் பக்கத்தில் ஒரு நாயைச் செதுக்கி அதற்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுதி வைத்த ஊர் எது முக்கியம் என்று தெளிவாக யோசித்திருக்கிறது. முதலில் மோப்பம் பிடித்தது யார், குரைத்தது யார், ஓடியது யார்.

நடுகற்களை நான் வீரப் புராணமாக மட்டும் படிக்கச் சொல்லவில்லை. மந்தையைக் கவரப் போய்ச் செத்தவர்களுக்கும் கல் உண்டு. தொல்காப்பியத்தில் கவர்வதும் மீட்பதும் ஒரே வெட்சித் திணைக்குள்தான் இருக்கின்றன. திருட்டில் அரசியலும் இருந்தது. ஆனால் எந்தப் பக்கக் கல்லாக இருந்தாலும் ஒரு விஷயம் பொது. நடந்தது என்ன என்பது வழியில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற இடத்தில் நின்றது. ‘இந்தப் பக்கம் மாடு ஓட்டிப் போவார்கள், ஜாக்கிரதை’ என்று அடுத்த தலைமுறைக்கும் தெரிந்தது.

இப்போது பிரிண்டருக்கு வருகிறேன். கும்பகோணத்தில் அது நடந்த அதே மாதம் பஞ்சாப் நேஷனல் வங்கியின் நீரவ் மோடி மோசடி வெளியே வந்தது. அங்கே வெளியாள் புக வேண்டிய தேவையே இருக்கவில்லை. உள்ளே இருந்தவர்களே ஸ்விஃப்ட் கடுதாசியைத் தவறாகப் பயன்படுத்தினார்கள். பிப்ரவரி 20ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஓர் அறிக்கை விட்டது. 2016 ஆகஸ்டிலிருந்து குறைந்தது மூன்று முறை இந்த ஆபத்தைப் பற்றி வங்கிகளை ரகசியமாக எச்சரித்திருந்தோம் என்றது. அந்த ‘ரகசியமாக’ என்ற சொல்லில்தான் நான் நின்றுவிடுகிறேன். எச்சரிக்கை இருந்திருக்கிறது, உறைக்குள் இருந்திருக்கிறது.

ஆறே மாதத்தில் புணேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி. 2018 ஆகஸ்ட் 11ஆம் தேதியும் 13ஆம் தேதியும் சேர்த்து 94 கோடி ரூபாய்க்கு மேல் போனது. ‘இந்த அட்டைக்குப் பணம் கொடுக்கலாமா?’ என்று ஏடிஎம் கேட்கிற கேள்விக்கு வங்கியின் சர்வர் பதில் சொல்ல வேண்டும். ஹேக்கர்கள் நடுவில் ஒரு போலி சர்வரை உட்கார வைத்தார்கள். அது எல்லாவற்றுக்கும் ‘கொடு’ என்றது. 28 நாடுகளில் போலி அட்டைகளோடு ஆட்கள் ஏடிஎம் வாசலில் நின்றார்கள். 2023இல் புணே நீதிமன்றம் 11 பேருக்குத் தண்டனை விதித்தது. பிடிபட்டது வாசலில் நின்று நோட்டை எண்ணிய கூட்டம். திரைக்குப் பின்னால் இருந்த மூளை இன்னும் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

பழைய பாணிக் கொள்ளை ஒழிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2016 ஆகஸ்டில் எங்கள் பக்கத்து மாவட்டமான சேலத்திலிருந்து சென்னைக்குப் போன ரயிலில், ரிசர்வ் வங்கிக்கான பழைய நோட்டுப் பெட்டிகள் 342 கோடி ரூபாயோடு பயணம் செய்தன. கூரையை வெட்டி இறங்கி ஐந்தேமுக்கால் கோடி அளவுக்கு எடுத்துவிட்டார்கள். சேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் அன்றைக்கு மின்கம்பி இல்லை, டீசல் எஞ்சின். மேலே ஏறினால் ஷாக் அடிக்காது. அதைக் கவனித்துத் திட்டம் போட்டிருக்கிறார்கள். மூன்றே மாதத்தில், நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2018இல் கும்பல் பிடிபட்டதற்கு உதவியவற்றுள் ஒன்று செல்போன் டவர் பதிவுகள். ரம்பத்தால் கூரை அறுத்தவர்களும் கடைசியில் கணினித் தரவில்தான் மாட்டினார்கள்.

இதெல்லாம் பெரிய இடத்துக் கதை என்று தோன்றலாம். எனக்கு இது வீட்டுக்குள் வந்தது சித்தப்பா வழியாக. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருத்தன் போன் பண்ணியிருக்கிறான். அட்டை முடங்கப் போகிறது என்றிருக்கிறான். சித்தப்பா ஓடிபி நம்பரைச் சொல்லிவிட்டார். பட்டுக்கூடு விற்ற காசு 38 ஆயிரம் போய்விட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் உரக் கடையில் காசு கட்ட முடியாமல் நின்றபோதுதான் சித்திக்கே தெரிந்தது. “ஏன் சித்தப்பா அன்னைக்கே சொல்லல?” என்று கேட்டேன். “யார்கிட்ட சொல்றதுப்பா? படிச்சவன்னு பேரு, ஏமாந்துட்டான்னு ஊரே சிரிக்கும்” என்றார்.

ரிசர்வ் வங்கியின் 2017ஆம் வருட விதி ஒன்று இருக்கிறது. நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியில் நடந்த ஊடுருவலால் பணம் போனால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நட்டம் இல்லை. நாமே ஓடிபியைச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரைக்குமான நட்டம் நம்முடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியினுடையது. அதாவது நேரம்தான் எல்லாமே. 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் பண்ணினால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது. ஐந்து நாள் கழித்து அது பத்துக் கை மாறியிருக்கும்.

பெரிய வங்கி ரகசியம் காப்பதும் சித்தப்பா வாயை மூடிக்கொண்டதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. இரண்டிலும் பயம் மானத்தைப் பற்றியது. இரண்டிலும் லாபம் திருடனுக்கு. நியாயமாகச் சொன்னால், கும்பகோணத்து வங்கி அந்த மாதமே நடந்ததை வெளியில் சொல்லிவிட்டது. தொகை, ஊர், வழி எல்லாம் வெளியே வந்தன. அதனால்தான் இன்றைக்கு நான் இதை எழுத முடிகிறது.

ஹேக்கர் படங்களில் ஏமாந்தவர்கள் எப்போதும் கூட்டத்தில் ஒரு முகம். கதை திருடனுடையது, அல்லது அவனைவிடக் கெட்டிக்கார இன்னொருவனுடையது. எங்கள் ஊர்க் கல்வெட்டுக்காரன் கதையை வேறு ஆளிடமிருந்து தொடங்கினான். மாடு போனதைப் பார்த்தவன், கத்தியவன், பின்னால் ஓடியவன். டாக்காவில் பிரிண்டரைத் திரும்ப ஓட வைத்தவர்கள், டாய்ச் வங்கியில் எழுத்துப் பிழையைக் கவனித்தவர், கும்பகோணத்தில் காலைக் கணக்கை நேர் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த வரிசைதான். சித்தப்பாவும் அதில் சேரலாம். அவர் இப்போது டீக்கடையில் தானாகவே அந்தக் கதையைச் சொல்கிறார். முதலில் சிரிக்கத்தான் செய்தார்களாம். அப்புறம் இரண்டு பேர் தங்களுக்கும் அப்படி போன் வந்தது என்று சொல்லியிருக்கிறார்கள்.