காலாப்பட்டுக்கு வந்த தன்னானே

புதுச்சேரி முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. முதலியார்சாவடிகள், பொம்மையார்பாளையம் கடந்து காலாப்பட்டு வந்தால் மறுபடியும் புதுச்சேரி மண். அந்தக் கடலோரத்தில்தான் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வயற்காட்டுப் பாட்டைத் தொண்டையில் சுமந்து வந்த கே.ஏ. குணசேகரன் பேராசிரியராக இருந்த இடம் அது.

1955-இல் சிவகங்கைச் சீமையின் மாரந்தை கிராமத்தில் பிறந்தவர். வறுமை, பசி, சாதி எல்லாவற்றையும் 2005-இல் வந்த ‘வடு’ தன்வரலாற்றில் ஒளிவுமறைவின்றி எழுதினார். இளையான்குடியில் முஸ்லிம்கள் சாதி பார்க்காமல் பழகினார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் அடியெடுத்து வைக்கும் இடமெல்லாம் சாதி குறுக்கே நின்றது. நாலைந்து மைல் தூரத்தில் மனிதனின் மதிப்பு இப்படி மாறுவதைப் பார்த்தே வளர்ந்த சிறுவன் அவர். பின்னாளில் அவர் பாட்டில் இருந்த கோபம் புத்தகம் படித்து வந்ததல்ல.

சிவகங்கைக் கல்லூரியில் கவிஞர் மீரா ஆசிரியராகக் கிடைத்தார். ஊரில் நடவிலும் களையெடுப்பிலும் கேட்ட மெட்டுகள் ஏற்கெனவே நெஞ்சில் கிடந்தன. அவற்றை மேடையேற்ற ‘தன்னானே’ கலைக்குழு பிறந்தது. கொல்லங்குடி கருப்பாயி போன்ற கிராமத்துப் பாடகர்களும் அவரோடு மேடையேறினார்கள். எழுத்தறிவில்லாத அந்தப் பெண்ணின் குரலை, 1985-இல் ‘ஆண் பாவம்’ திரைப்படம் வந்தபோது தமிழ்நாடே கேட்டது.

நாட்டுப்புறப் பாட்டைத் தொகுத்து அச்சிட்டவர்கள் அவருக்கு முன்னும் உண்டு. பாட்டைப் பாடுகிறவர்களின் பக்கம் நின்று பேசியதுதான் குணசேகரனின் தனித்தன்மை. சாவு வீட்டோடு கட்டிப்போட்டிருந்த பறையை அரங்கத்தின் நடுவே நிறுத்தினார். கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாடல் அவர் குரலில்தான் ஊர் ஊராகப் போனது. கூட்டங்களில் அதை அவர் எடுத்தால் கேட்டவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. அச்சில் அந்தக் கவிதையை எத்தனை முறை வாசித்தாலும் அந்தச் சூடு வராது.

காலாப்பட்டில் அவர் பணியாற்றிய நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர். 1922-இல் புதுச்சேரியில் மறைந்த சுவாமிகளின் சமாதி, கோட்டக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. பாட்டெழுதி நாடகம் வளர்த்த ஒருவரின் பெயர் தாங்கிய இடத்தில், ‘பலி ஆடுகள்’ எழுதிய இன்னொருவர் பாடம் நடத்தினார். அந்த நாடகம் தமிழின் தலித் நாடகங்களில் முன்னோடி. இடையில் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். பதவிகள் வந்தபோதும் பாட்டை விடவில்லை. அவரை ஆய்வாளராக மட்டும் நினைவுகூர்வது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

2016 ஜனவரியில் குணசேகரன் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் இன்குலாபும் போய்விட்டார். மறுவருடம் அம்ஷன் குமார் எடுத்த படத்துக்கு ‘மனுசங்கடா’ என்றே பெயர் வைத்தார். இறந்த தந்தையின் உடலைப் பொதுவழியில் கொண்டுபோக ஒரு தலித் மகன் நடத்தும் போராட்டம்தான் அதன் கதை.

(தொடரும்)