படை வண்டிகளின் மறுவாழ்வு

பிரிட்டிஷ் ராணுவம் கழித்துவிட்ட லாரி, ஆம்புலன்ஸ், கவச வண்டி, டாங்கி ஆகியவற்றைத் தனி மனிதர்கள் விலைக்கு வாங்கி, பழுது நீக்கி, முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவந்து ஓட்டுவது பிரிட்டனில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வேரூன்றியிருக்கும் பொழுதுபோக்கு. இந்த வண்டிகளின் கதையில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் அவை மலிவான வேலைக்கருவிகளாக விற்கப்பட்டன. பிறகு பழைய இரும்பாக அழிந்தன. கடைசியாக, எஞ்சியவற்றைக் காப்பாற்ற ஆட்கள் வந்தார்கள்.

முதல் போரின் மிச்சம்

முதல் உலகப்போருக்கு முன்பே பிரிட்டிஷ் போர்த்துறை ஒரு மானியத் திட்டம் வைத்திருந்தது. ராணுவம் வகுத்த அளவுகளுக்கு ஏற்ற லாரியைத் தனியார் வாங்கி வைத்துக்கொண்டால் அரசு பணம் கொடுக்கும். போர் வந்தால் லாரி படைக்குப் போய்விடும். 1914இல் அப்படியே நடந்தது. லண்டன் நகரின் பி வகைப் பேருந்துகளே நூற்றுக்கணக்கில் பிரான்சுக்குச் சென்று வீரர்களை ஏற்றின.

போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான வண்டிகள் தேங்கின. லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற ஊரில் இருந்த பழுதுபார்ப்புக் கிடங்கை, பதினாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளோடு சேர்த்து, 1920இல் அரசு ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றது. வண்டிகள் செப்பனிடப்பட்டு விற்றுத் தீர்ந்தபின் அந்த இடம் தொழிற்பேட்டையாக வளர்ந்தது. லேலண்ட் நிறுவனம் வேறு வழியில் போனது. தான் விமானப்படைக்குக் கட்டிய லாரிகள் சீர்கெட்ட நிலையில் சந்தைக்கு வந்தால் தன் பெயர் கெடும் என்று அஞ்சி, அவற்றைத் திரும்ப வாங்கி, லண்டன் அருகிலுள்ள கிங்ஸ்டனில் முழுதாகப் பிரித்துப் புதுப்பித்து விற்றது. படை வண்டி ஒன்றை ஒழுங்காக மீட்டெடுக்கும் பெரிய அளவிலான முயற்சிகளில் இது முன்னோடி.

டாங்கிகளின் விதி வேறு. போர்ச் சேமிப்புப் பத்திரங்களுக்குப் பணம் திரட்டித் தந்த ஊர்களுக்கு நன்றியாக 260க்கும் மேற்பட்ட டாங்கிகள் வழங்கப்பட்டன. அவை பூங்காக்களிலும் சதுக்கங்களிலும் நின்றன. பின்னர் ஏறக்குறைய எல்லாமே பழைய இரும்புக்காக உடைக்கப்பட்டன. கென்ட் மாவட்டத்தின் ஆஷ்ஃபோர்டில் இருந்த மார்க் 4 டாங்கி மட்டும் தப்பியது. 1929இல் அதன் இன்ஜினை எடுத்துவிட்டு உள்ளே மின்சார டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்தியிருந்தார்கள். ஊருக்குப் பயன்பட்டதால் அது உடைபடவில்லை. வேலையில் இருக்கும் இயந்திரமே பிழைக்கும் என்ற உண்மை இந்த வரலாற்றில் மீண்டும் மீண்டும் வரும்.

இரண்டாம் போரும் ஏலக் களங்களும்

இரண்டாம் உலகப்போரில் உற்பத்தியின் அளவே மாறியது. லூட்டன் நகரத்து வாக்ஸ்ஹால் ஆலையின் பெட்ஃபோர்ட் கியூஎல் லாரி மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் தயாரானது. பிரன் கேரியர் என்று பலரும் அழைத்த யூனிவர்சல் கேரியர், பிரிட்டனிலும் கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலுமாக ஒரு லட்சத்துக்கு மேல் கட்டப்பட்டது. சவுத்தாலில் உருவான ஏஇசி மாட்டடார் நடுத்தரப் பீரங்கிகளை இழுத்தது. ஆஸ்டின் கே2 ஆம்புலன்ஸ் காயமடைந்தவர்களைச் சுமந்தது. பின்னாளில் அரசியான இளவரசி எலிசபெத், 1945இல் பெண்கள் துணைப்படையில் சேர்ந்து வண்டி ஓட்டவும் பழுதுபார்க்கவும் பயிற்சி பெற்றார்.

1945க்குப் பின் உபரி வண்டிகளை விற்பதே அரசுக்குப் பெரும் வேலையாயிற்று. நாட்டிங்ஹாம் அருகே ரடிங்டனில் குண்டுகளுக்கு வெடிமருந்து நிரப்பிய ஆலை ஏலக் களமாக மாறி, 1980களின் தொடக்கம் வரை இயங்கியது. விவசாயிகள், மரவியாபாரிகள், திருவிழா ராட்டினக்காரர்கள், கராஜ் உரிமையாளர்கள் அங்கே திரண்டார்கள். மாட்டடாரின் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினும் நான்கு சக்கர இழுவையும் வின்ச்சும் காட்டில் மரம் இழுக்க நன்றாகப் பொருந்தின. வாட்ஃபோர்டில் செய்த ஸ்காமெல் பயனியர், விபத்தில் சிக்கிய லாரிகளைத் தூக்கும் வண்டியாகப் பல பத்தாண்டுகள் உழைத்தது. இந்தியாவிலும் போர் உபரி லாரிகள் ‘டிஸ்போசல்’ விற்பனை மூலம் தனியாரிடம் வந்து சரக்கும் பயணிகளும் ஏற்றின. இன்று மீட்கப்படும் பல வண்டிகள் இப்படி வேலை செய்ததால்தான் மிஞ்சின. அதே வேலைதான் அவற்றின் உருவத்தையும் மாற்றியது. பின்பகுதி வெட்டப்பட்டு கிரேன் ஏறியது. அசல் கேபின் போய் வேறொன்று வந்தது.

போருக்குப் பிந்தைய தலைமுறை

ஏராளமான மாதிரிகளுக்கு உதிரிபாகம் கொடுத்துச் சலித்த ராணுவம், போருக்குப் பின் ஒரே குடும்ப இன்ஜின்களை வகுத்தது. ரோல்ஸ்ராய்ஸ் வடிவமைத்த பி வரிசையில் நான்கு சிலிண்டருக்கு பி40, ஆறுக்கு பி60, எட்டுக்கு பி80. பல பாகங்கள் மூன்றுக்கும் பொது. தண்ணீர் புகாத மின்சார அமைப்பும் உண்டு.

பி40 இன்ஜினோடு வந்த ஆஸ்டின் சாம்ப், ஆழமான நீரையும் கடக்கும் திறமையான வண்டி. முன்னோக்கி ஐந்து கியர் இருப்பதுபோலவே பின்னோக்கியும் ஐந்து கியர் உண்டு. ஆனால் விலை மிக அதிகம், நுட்பமும் சிக்கலானது. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர் எளிமையாலும் மலிவாலும் அதை வென்றது. எஃகுத் தட்டுப்பாட்டால் அலுமினியக் கலவைத் தகட்டில் செய்த அதன் உடல் துருப்பிடிக்கவில்லை. பழைய ராணுவ லேண்ட் ரோவர்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்க இது ஒரு காரணம். புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வருபவர் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறார்.

கவச வண்டிகளில் அதிகம் விரும்பப்படுவது டைம்லர் ஃபெரெட். 1952 முதல் 1971 வரை 4,409 வண்டிகள் தயாராயின. நீளம் நான்கு மீட்டருக்கும் குறைவு என்பதால் வீட்டு ஷெட்டிலேயே நிறுத்தலாம். இந்திய, இலங்கைப் படைகள் உட்படப் பல நாட்டுப் படைகளில் அது பணியாற்றியது. ஆல்விஸ் நிறுவனத்தின் ஆறு சக்கர சாரசன், மலாயாக் கிளர்ச்சியில் அவசரமாகத் தேவைப்பட்டதால் அதன் உடன்பிறப்பான சாலடினை முந்திக்கொண்டு தயாரிப்புக்கு வந்தது. இரண்டையும் இன்றும் தனியார் ஓட்டுகிறார்கள்.

பாதுகாப்பு இயக்கம்

1960களில் பழைய வணிக லாரிகளைக் காக்கும் ஆர்வம் பிரிட்டனில் பரவியிருந்தது. படை வண்டிகளுக்கெனத் தனி அமைப்பாக, ராணுவ வண்டிப் பாதுகாப்புக் குழு 1968இல் தோன்றியது. பின்னர் அது ராணுவ வண்டி அறக்கட்டளை எனப் பெயர் மாறி, நாடெங்கும் கிளைகளோடு வளர்ந்தது. டச்சு எழுத்தாளர் பார்ட் வாண்டர்வீன் தொகுத்த வண்டிக் கையேடுகளும், 1982 முதல் அவர் ஆசிரியராக இருந்து நடத்திய ‘வீல்ஸ் அண்ட் டிராக்ஸ்’ இதழும் ஆர்வலர்களுக்கு அறிவுத்துணையாயின. கென்டில் நடந்த ‘வார் அண்ட் பீஸ்’ கண்காட்சி ஆயிரக்கணக்கான வண்டிகள் கூடும் சந்தையாகப் பெயர் பெற்றது. நார்மண்டித் தரையிறக்கத்தின் நினைவாண்டுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சுக்கு அணிவகுத்துச் செல்வதும் வழக்கமாயிற்று. அங்கே முன்னாள் வீரர்கள் தாங்கள் ஒருகாலத்தில் ஓட்டிய வண்டிகளில் மறுபடி ஏறி அமர்ந்தார்கள்.

பட்டறையில் நடக்கும் வேலை

மீட்பு வேலை அடையாளம் காண்பதில் தொடங்குகிறது. அடிச்சட்ட எண், இன்ஜின் எண், தகட்டில் பொறித்த ஒப்பந்த எண் ஆகியவற்றைக் கொண்டு வண்டி எப்போது, எந்த ஆலையில், என்ன பணிக்காகக் கட்டப்பட்டது என்று தேடுகிறார்கள். டோர்செட்டின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகம் போன்றவற்றின் ஆவணங்கள் இதற்கு உதவுகின்றன.

அடுத்து கையேடு. 1942 அக்டோபர் 1இல் மின், இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவு உருவானபின், ஒவ்வொரு வண்டிக்கும் பழுதுநீக்க ஒழுங்குமுறை ஏடுகள் வெளியாயின. ஓட்டுநர் செய்யவேண்டியது எது, படைப்பிரிவின் மெக்கானிக் செய்யவேண்டியது எது, பெரிய ஒர்க்ஷாப்புக்கு அனுப்பவேண்டியது எது என்று அவை பிரித்துச் சொல்கின்றன. இறுக்க அளவுகளும் இடைவெளி அளவுகளும் அவற்றில் உண்டு. அனுபவசாலிகள் இன்றும் அந்த ஏடுகளின்படியே வேலை செய்கிறார்கள்.

பிரிக்கத் தொடங்கியதும் முதலில் எதிர்ப்படுவது மரையின் சிக்கல். போர்க்கால பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த் மரைகளும், பிஎஸ்எஃப் எனப்படும் பிரிட்டிஷ் நுண்மரைகளும் உண்டு. விட்வொர்த் ஸ்பானரில் பொறித்த எண் போல்ட்டுத் தண்டின் விட்டத்தைக் குறிக்கும், தலையின் அகலத்தை அல்ல. எனவே வேறு முறை ஸ்பானர் அதில் சரியாக உட்காராது. பலவந்தமாகத் திருகினால் மூலை மழுங்கிவிடும். 1940களின் இறுதியில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் பொதுவான மரை முறைக்கு ஒத்துக்கொண்டன. அதன்பின் வடிவமைத்த வண்டிகளுக்கு வேறு ஸ்பானர் வரிசை வேண்டும்.

கியர்பாக்ஸ் இன்னொரு பாடம். ஃபெரெட்டில் வழக்கமான கிளட்ச் கிடையாது. ஓட்டுநர் நெம்புகோலால் அடுத்த கியரை முன்கூட்டியே குறித்துவைப்பார். இடது பெடலை மிதித்து விடும்போதுதான் கியர் மாறும். உள்ளே கிரக அமைப்புச் சக்கரங்களை உலோகப் பட்டைகள் இறுகப் பிடிக்கின்றன. அந்தப் பட்டைகளின் சரிசெய்தல் தவறினால் பெடல் உதைத்துக்கொண்டு திரும்பிக் காலைக் காயப்படுத்தும். மேலும், ஒரே பக்கத்து முன்சக்கரமும் பின்சக்கரமும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழலும்படி அதன் இழுவை அமைந்திருக்கிறது. மண் தரையில் டயர் சற்று வழுக்கி இறுக்கத்தை விடுவிக்கும். தார்ச்சாலையில் அது நடக்காது. தண்டுகளில் முறுக்கு ஏறி, பல்சக்கரங்கள் உடையலாம். ஆகவே நான்கு டயர்களும் ஒரே அளவு தேய்ந்தவையாக இருக்கவேண்டும். அவ்வப்போது ஒரு சக்கரத்தைப் பலகையின் மேலோ நடைபாதை விளிம்பின் மேலோ ஏற்றி முறுக்கைக் கழிக்கவேண்டும்.

சக்கரத்தைக் கழற்றுவதே உயிராபத்தான வேலையாகலாம். பல ராணுவச் சக்கரங்கள் இரண்டு பாதிகளை நட்டுகளால் இணைத்தவை. காற்று இருக்கும்போது அந்த நட்டுகளை அவிழ்த்தால் பாதிகள் வெடித்துச் சிதறும். அதனால்தான் அவற்றுக்குச் சிவப்புப் பூசினார்கள். பழைய பிரேக் லைனிங்கிலும் புகைக்குழாய் உறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். இருளில் ஒளிரும் கருவி முகப்புகளில் ரேடியம் இருக்கும். இவற்றைச் சுரண்டவோ ஊதவோ கூடாது.

எரிபொருளும் மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை நின்றது. 2021 செப்டம்பரில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் பொதுவழக்கானது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் சீல்களையும் அரிக்கும். ஈரத்தை ஈர்த்துத் தொட்டியில் துருவும் உண்டாக்கும். எனவே மீட்பவர்கள் குழாய்களைப் புதிய ரகங்களுக்கு மாற்றுகிறார்கள்.

நிறமும் குறிகளும்

வண்ணம் தீட்டுவது வரலாற்று ஆராய்ச்சியே. போரின் தொடக்கத்தில் பச்சை. பச்சைச் சாயத்துக்கான குரோமியம் ஆக்சைடு தட்டுப்பாடானதால், 1941க்குப் பின் பழுப்பு அடிப்படை நிறமானது. 1944 ஏப்ரலில் அமெரிக்க வண்டிகளோடு ஒத்துப்போக ஆலிவ் நிறம் வந்தது. பழைய வண்டிகளை உடனே மாற்றத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆகவே ஒரே படைப்பிரிவில் இரு நிறங்களும் நின்றன. பதிவெண்ணின் முன்னெழுத்தும் தகவல் தரும்: ஆம்புலன்சுக்கு ஏ, லாரிக்கு எல், மோட்டார் சைக்கிளுக்கு சி, டாங்கிக்கும் கேரியருக்கும் டி. முன்புறத்து மஞ்சள் வட்ட எண், வண்டி எந்தப் பாலத்தைப் பாதுகாப்பாகக் கடக்கும் என்பதைச் சொல்லும் எடைவகை.

நல்ல மீட்பாளர் புதுப் பெயின்ட்டைப் பூசுமுன் பழைய அடுக்குகளை ஈரப்படுத்திய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துப் பார்ப்பார். அடியில் மறைந்திருக்கும் எண்ணோ படைச் சின்னமோ அப்போது வெளிப்படும். புகழ்பெற்ற படைப்பிரிவின் சின்னத்தை ஆதாரமின்றித் தீட்டுவது வண்டியின் வாழ்க்கையையே பொய்யாக்குவது. சமையற்காரர்களின் சாமான் ஏற்றிய லாரிக்கும் சொந்த வரலாறு உண்டு. அதைக் காட்டுவதே நேர்மை.

இன்றைய நிலை

சட்டம் இந்தப் பொழுதுபோக்குக்கு ஓரளவு இடம் கொடுக்கிறது. நாற்பது ஆண்டைக் கடந்த வண்டிகளுக்குச் சாலைவரி விலக்கு உண்டு. பெரிதாக மாற்றப்படாதவற்றுக்கு 2018 மே முதல் வருடாந்தரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனால் சாலையில் ஓடத் தகுதியாக வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பே. செயினில் ஓடும் வண்டிக்குத் தனி வகை ஓட்டுநர் உரிமம் வேண்டும். கவச வண்டியின் துப்பாக்கிகள் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்யப்பட்டிருக்கவேண்டும்.

அருங்காட்சியகங்கள் எல்லாவற்றையும் காத்துவிட முடியாது. யார்க்ஷயரின் பெவர்லியில் இருந்த ராணுவப் போக்குவரத்து அருங்காட்சியகம் 2003இல் மூடப்பட்டது. டாங்கிகளுக்குக் கிடைக்கும் கவனம் சாதாரண மூன்று டன் லாரிக்குக் கிடைப்பதில்லை. அவற்றில் பல இன்று தனியாரின் உழைப்பாலேயே இருக்கின்றன. ஆனால் இரும்பைக் காப்பதோடு வேலை முடிவதில்லை. கியர்பாக்ஸ் பட்டையைக் காதால் கேட்டுச் சரிசெய்யவும், விட்வொர்த் மரையைக் கையால் உணரவும் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். ஷெட்டில் நின்றுபோன வண்டியைப் பணம் இருந்தால் மீட்கலாம். நின்றுபோன கைத்திறனை மீட்க முடியாது. வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஓர் இளைஞருக்காவது ஸ்பானரைக் கையில் கொடுத்துக் கற்றுத்தருவதே இந்தப் பாரம்பரியத்துக்கு இப்போது செய்யவேண்டிய முதல் கடமை.